பதினைந்து கேட்சுகளின் கணக்கு

ஜேம்சன் வில்லியம்ஸ் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் 2019, 2020 ஆகிய இரண்டு பருவங்கள் இருந்தார். இரண்டிலும் சேர்த்து அவர் பிடித்த பந்துகள் 15. அவற்றால் அணி கடந்த தூரம் 266 கெஜம். டச் டவுன் 3. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழக அணி ஒன்றில் வைட் ரிசீவராக இருப்பவருக்கு இது மிக மெலிந்த கணக்கு. நல்ல ரிசீவர் ஒருவர் ஆட்டம் கைகூடும் நாட்களில் இரண்டே ஆட்டங்களில் இவ்வளவையும் எடுத்துவிட முடியும். 2021இல் வில்லியம்ஸ் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அந்த ஒரே பருவத்தில் 79 கேட்ச், 1,572 கெஜம், 15 டச் டவுன். நடுவில் கழிந்தவை சில மாதங்கள்தான். அதற்குள் ஒருவருடைய கால்வேகம் ஆறு மடங்கு கூடிவிடாது; கைகள் புதிதாகப் பழகிவிடாது. அப்படியென்றால் ஓஹாயோவில் எழுதப்பட்ட அந்தப் பதினைந்து எதை அளந்தது? அவருக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களைத்தான் அது பெரிதும் அளந்தது என்பது என் கருத்து. மாற்று ஆட்டக்காரர்களின் கல்லூரிக் கணக்கை அவர்களுடைய திறமைச் சான்றிதழாகப் படிக்கும் பழக்கம் பல இளைஞர்களுக்கு அநியாயம் செய்கிறது.

இதை விளங்கிக்கொள்ள அந்த விளையாட்டின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் காலால் உதைப்பது அபூர்வம். கையால் எறிவதும் ஏந்திக்கொண்டு ஓடுவதும்தான் ஆட்டம். ஓர் அணிக்குக் களத்தில் 11 பேர். நூறு கெஜ மைதானத்தில், நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேறினால் பந்து தொடர்ந்து உங்களிடம் இருக்கும்; இல்லாவிட்டால் எதிரணிக்குப் போகும். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்த்தால் அது டச் டவுன். பந்தை எறிபவர் குவாட்டர்பேக். அதை ஓடிப் பிடிப்பவர்களில் முதன்மையானவர் வைட் ரிசீவர். அவர் மைதானத்தின் ஓரமாக நின்று, தன்னை மறித்து நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரரை ஏமாற்றி விலகி ஓட வேண்டும். ஒரே முயற்சியில் மூன்று அல்லது நான்கு பேர் வெவ்வேறு தடங்களில் ஓடுவார்கள். பந்து ஒன்றுதான். கிரிக்கெட்டில் கடைசியாக இறங்கும் பந்துவீச்சாளரும் மட்டையைப் பிடித்து நின்றால் பந்து அவரைத் தேடி வரும். ரிசீவருக்கு அந்த உரிமை கிடையாது. அவர் தடத்தைப் பிசகில்லாமல் ஓடி, மறித்தவரை மூன்று கெஜம் பின்னால் விட்டுவிட்டாலும், குவாட்டர்பேக்கின் கண் அவர் பக்கம் திரும்ப வேண்டும். எறிபவரைக் காக்கும் முன்வரிசை ஓரிரு விநாடி கூடுதலாகத் தாங்க வேண்டும். எறிந்த பந்து சரியான இடத்தில் வந்து விழ வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கணக்கில் அவர் பெயருக்கு எதிரே பூஜ்யம்தான். இந்த விளையாட்டில் இவ்வளவு பேரைச் சார்ந்து நிற்கும் எண் வேறு யாருக்கும் இல்லை என்றே சொல்வேன்.

இனி 2020ஆம் ஆண்டின் ஓஹாயோ அணியைப் பாருங்கள். பெருந்தொற்றுக் காலம் என்பதால் அந்த அணி ஆடியது மொத்தம் எட்டே ஆட்டங்கள். குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் எறிந்து, தம் ஆட்களின் கையில் சேர்ந்த பந்துகள் 158. கிரிஸ் ஒலாவே அந்தப் பருவத்தில் பிடித்தவை 50. கேரட் வில்சன் பிடித்தவை 43. இருவரும் சேர்ந்து 93. அதாவது ஐந்தில் மூன்று பங்கு இரண்டு பேருக்கே போய்விட்டது. மீதியைத்தான் மற்ற ரிசீவர்களும், உட்பக்கம் நிற்கும் டைட் எண்டுகளும், பந்தோடு ஓடுபவர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள். அதில் வில்லியம்ஸுக்கு வந்தது 9. ஆட்டத் தொடக்கத்திலேயே அவர் களத்தில் இருந்த நாட்களும் உண்டு. ஆனாலும் பந்து தேடிப் போகும் வரிசையில் அவர் இடம் அந்த இருவருக்குப் பின்னால்தான். அவரைவிட இளையவரான ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா முதலாண்டு மாணவர். அவருக்குக் கிடைத்தவை 10. அடுத்த பருவத்துக்கு ஒலாவே, வில்சன் இருவருமே திரும்பி வருகிறார்கள், நடுவில் இளையவரும் மேலேறி வருகிறார் என்று தெரிந்தபோது வில்லியம்ஸ் அலபாமாவுக்குக் கிளம்பினார்.

பயிற்சியாளர்கள் ஒவ்வொரு நாளும் பயிற்சியில் அவரைப் பார்த்தவர்கள். அவர்கள் பின்னால் நிறுத்தினார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 2022 ஏப்ரலில் கிடைத்தது. தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், பத்தாவது இடத்தில் நியூயார்க் ஜெட்ஸ் அணி கேரட் வில்சனை எடுத்தது. பதினொன்றாவது இடத்தில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் கிரிஸ் ஒலாவேயை எடுத்தது. அடுத்து, பன்னிரண்டாவது இடத்துக்காக மின்னசோட்டா அணியோடு இடம் மாற்றிக்கொண்டு மேலே வந்த டெட்ராய்ட் லயன்ஸ், ஜேம்சன் வில்லியம்ஸை எடுத்தது. 10, 11, 12. ஓஹாயோவின் பயிற்சியாளர்கள் தவறு செய்யவே இல்லை. முன்னிருவரும் அவருக்கு முன்னால் நிற்கத் தகுந்தவர்கள் என்று தொழில்முறை அணிகளும் ஒப்புக்கொண்டன. அந்த இருவருக்கும் இவருக்கும் நடுவில் இருந்த தூரம் எவ்வளவு என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். டிராஃப்டில் அது ஓரிரு படி. கேட்ச் கணக்கில் அது ஐந்து மடங்கு. மூன்றாவதாக நிற்பவர் என்று சொன்னது சரியான தகவல். ஆனால் அந்த மூன்றாவது இடம் எந்த உயரத்தில் இருந்தது என்பதை அந்த எண் சொல்லவில்லை. மலையுச்சியில் மூன்றாம் ஆளாக நிற்பவரையும் மேட்டில் மூன்றாம் ஆளாக நிற்பவரையும் வரிசை எண் ஒன்றாகவே காட்டும்.

மொத்தக் கணக்கு உதவாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? ஒரு கேட்சுக்கு எத்தனை கெஜம் என்று வகுத்துப் பார்க்கலாம் என்பார்கள். வில்லியம்ஸுக்கு வகுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஓஹாயோவில் ஒரு கேட்சுக்கு 17.7 கெஜம். அலபாமாவில் 19.9. டெட்ராய்ட் அணிக்காக 2024ஆம் பருவத்தில் 58 கேட்ச், 1,001 கெஜம். ஒரு கேட்சுக்கு 17.3. ஓஹாயோவில் ஐந்து கேட்சுக்கு ஒரு டச் டவுன். அலபாமாவில் ஐந்தேகால் கேட்சுக்கு ஒன்று. மூன்று அணிகள், வெவ்வேறு குவாட்டர்பேக்குகள், கல்லூரியும் தொழில்முறையுமாக இரண்டு தளங்கள். விகிதம் மட்டும் பெரிதாக அசையவில்லை. தூரத்துக்கு ஓடிப் பந்தைப் பிடித்து ஆட்டத்தையே ஒரே வீச்சில் மாற்றிவிடுபவர் என்ற அடையாளம் அந்தப் பதினைந்திலேயே இருந்தது. மொத்தம் சின்னதாக இருந்ததால் பலர் கண்ணில் படவில்லை.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் என் வாதம் அழகாக முடிந்துவிடும். ஆனால் அதே ஓஹாயோ ரிசீவர் குழுவில் இருந்த ஸ்மித்-இன்ஜிக்பாவின் 2020 கணக்கு குறுக்கே நிற்கிறது. 10 கேட்ச், 49 கெஜம். ஒரு கேட்சுக்கு ஐந்து கெஜம்கூட இல்லை. விகிதத்தை நம்பியவர் இவரை அன்றே ஒதுக்கியிருப்பார். அடுத்த ஆண்டு, ஒலாவேயும் வில்சனும் அணியில் இருக்கும்போதே, அவர் 95 கேட்சும் 1,606 கெஜமும் எடுத்தார். 2022 ஜனவரி 1 அன்று நடந்த ரோஸ் பவுல் என்னும் பருவ முடிவு ஆட்டத்தில் முன்னிருவரும் ஆடவில்லை. யூட்டா அணிக்கு எதிராக அன்று அவர் ஒருவரே 347 கெஜம் எடுத்தார். அதற்கடுத்த பருவம் தொடைத்தசைக் காயம். மூன்று ஆட்டங்களில் ஐந்தே கேட்ச். ஆக ஒரே ஆளின் மூன்று பருவங்கள் 10, 95, 5 என்று போகின்றன. ஐந்து கேட்ச் பருவத்துக்குப் பிறகும் சியாட்டில் அணி அவரை 2023 டிராஃப்டின் முதல் சுற்றில், இருபதாவது இடத்தில் எடுத்தது. காரணம், நடுவில் இருந்த 95ஐ எல்லோரும் பார்த்திருந்தார்கள். வில்லியம்ஸின் 15ஐயும் இவருடைய 10ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: இவ்வளவு குறைந்த வாய்ப்பில் விகிதம்கூட உறுதியான சாட்சி ஆகாது. ஒருவருக்கு அது உண்மை சொல்லும், இன்னொருவருக்குப் பொய் சொல்லும். எது எதைச் சொல்கிறது என்று எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு கேட்சுகளை வைத்து ஒருவரை உயர்த்திப் பேசுவதும் கூடாது, தாழ்த்திப் பேசுவதும் கூடாது.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. புகழ்பெற்றவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோருமே மறைந்திருக்கும் மாணிக்கங்கள் என்று காட்டுவது சரியா? சரியில்லைதான். நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் மேல்தட்டில் ஆடுகின்றன. ஒவ்வொன்றிலும் பல ரிசீவர்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தொழில்முறை மைதானத்தை மிதிக்காமலே பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள். ஓஹாயோவின் அதே 2020 ரிசீவர் குழுவிலேயே, பள்ளி நாட்களில் நாட்டின் தலைசிறந்த ரிசீவர் என்று மதிப்பிடப்பட்டு வந்த மாணவர் ஒருவரும் இருந்தார்; அவருடைய கணக்கு கடைசிவரை பெரிதாக வளரவில்லை. எனவே 15 கேட்ச் எடுத்தவர்களில் பலர் உண்மையிலேயே 15 கேட்சுக்கு உரியவர்கள்தாம் என்பதை மறுக்கமாட்டேன். என் வாதம் அவர்கள் எல்லோரும் பெரியவர்கள் என்பதல்ல. அந்த எண் இவர்களையும் வில்லியம்ஸையும் பிரித்துக் காட்ட வல்லதல்ல. பதரையும் மணியையும் ஒரே மாதிரி காட்டும் முறத்தை வைத்துக்கொண்டு புடைக்க முடியாது. அந்த முறத்தை நம்பி மணிகளைக் கொட்டிவிட்டால் நஷ்டம் நமக்கு.

அலபாமாவின் கணக்கும் அப்படித்தானே ஊதப்பட்டது, அங்கே எறிந்தவர் அந்த ஆண்டு கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹைஸ்மன் விருது வாங்கிய பிரைஸ் யங் அல்லவா என்பாரும் உண்டு. யங் அந்தப் பருவத்தில் எறிந்தது 4,872 கெஜம். அந்த வசதி வில்லியம்ஸுக்கு உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கேயும் அவர் தனியாக நிற்கவில்லை. ஜான் மெட்சி என்ற ரிசீவர் அதே பருவத்தில் 96 பந்துகளைப் பிடித்தார், வில்லியம்ஸைவிட 17 அதிகம். குறைந்த பந்துகளில் வில்லியம்ஸ் 430 கெஜம் கூடுதலாக எடுத்தார். எதிரே நின்றவர்களும் எளியவர்கள் அல்லர். அந்த ஆண்டு நாட்டிலேயே மிகக் கடினமான தற்காப்பு ஜார்ஜியா அணியுடையது. இரு அணிகளும் ஆடும் தென்கிழக்குக் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் அந்தத் தற்காப்புக்கு எதிராக அவர் 7 கேட்சில் 184 கெஜமும் இரண்டு டச் டவுனும் எடுத்தார். அலபாமா 41-24 என்று வென்றது. ஐந்து வாரம் கழித்து, 2022 ஜனவரி 10இல், தேசிய இறுதியாட்டத்தில் அதே ஜார்ஜியாவுக்கு எதிராக இரண்டாம் கால்பகுதியில் ஒரு கேட்ச் பிடித்து ஓடும்போது அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. கூட்டமைப்பு இறுதியாட்டத்திலேயே மெட்சியும் காயம்பட்டிருந்தார். அலபாமா 18-33 என்று தோற்றது. அவ்வளவு பெரிய காயத்தோடு, அடுத்த பருவத்தின் பெரும்பகுதி ஆட முடியாது என்று தெரிந்தே, டெட்ராய்ட் மேலேறி வந்து அவரை எடுத்தது. சூழல் அவருக்கு எண்களைத் தந்தது என்றால், ஓஹாயோவின் சூழல் அவரிடமிருந்து எண்களை எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாற்று ஆட்டக்காரரின் உழைப்பில் பெரும்பகுதி கேட்ச் பட்டியலுக்குள் வருவதே இல்லை. ஒரு ரிசீவர் முழுவேகத்தில் நேராக ஓடி, பின்களத்துக் காவலரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போவார். அவர் காலிசெய்த இடத்தில் இன்னொருவர் பந்தைப் பிடிப்பார். பெயர் பிடித்தவருக்கு. பந்தோடு ஓடுபவருக்கு வழிவிடுவதற்காக எதிராளியை மறித்துத் தள்ளுவதும் ரிசீவரின் வேலைதான். அதற்கும் கணக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக உதை ஆட்டம் இருக்கிறது. பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும்போது, ஓரத்திலிருந்து எல்லோருக்கும் முன்னால் பாய்ந்து, பந்தை வாங்குபவரை அங்கேயே மடக்கும் ஆளை கன்னர் என்பார்கள். உடல் நோகும் வேலை. வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கே வழக்கமாக வாய்க்கும். வில்லியம்ஸ் அலபாமாவின் முதல் ரிசீவராக ஆன பிறகும் இந்த வேலையை விடவில்லை. 2021இல் ஆபர்ன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இப்படி ஓடி மோதியதற்காகத்தான் விதிப்படி வெளியேற்றப்பட்டார். அவருக்கு முன்பே ஓஹாயோவில் டெரி மெக்லாரின் இந்த வேலைக்குப் பெயர் போனவர். அங்கே அவருடைய மொத்தக் கணக்கு 75 கேட்ச், 1,251 கெஜம். கடைசிப் பருவத்தில்கூட 35 கேட்ச்தான். அதே பருவத்தில் அணித்தோழர் பாரிஸ் கேம்ப்பெல் பிடித்தவை 90. 2019 டிராஃப்டில் மெக்லாரின் மூன்றாம் சுற்றுவரை காத்திருந்தார். வாஷிங்டன் அணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே 919 கெஜம். பிறகு 2020 முதல் 2024 வரை ஐந்து பருவங்கள் தொடர்ந்து ஆயிரம் கெஜத்துக்கு மேல். இன்னொரு கோடியில் மேத்யூ ஸ்லேட்டர் இருக்கிறார். ரிசீவர் என்று பட்டியலில் எழுதப்பட்டு, நியூ இங்கிலாந்து அணியில் 16 பருவங்கள் ஆடி, வாழ்நாள் முழுவதும் ஒரே ஒரு கேட்ச் பிடித்தவர். 46 கெஜம். உதை ஆட்டத்தில் அவர் செய்த வேலைக்காகப் பத்து முறை நட்சத்திர அணிக்குத் தேர்வானார். தொழில்முறை இறுதியாட்டமான சூப்பர் பவுலை மூன்று முறை வென்ற அணியில் இருந்தார். கேட்ச் பட்டியலை மட்டும் பார்த்தால் அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்றே புரியாது.

இந்தப் பேச்சு இன்று வெறும் மதிப்பீட்டுச் சர்ச்சை அல்ல. 2018 அக்டோபரில் கல்லூரி அணிகளுக்கு இடையே மாறிச் செல்ல விரும்பும் மாணவர்களின் பெயர்களைப் பதியும் பட்டியல் தொடங்கியது. 2021 ஏப்ரலில், முதல்முறை மாறுபவர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற பழைய விதியும் தளர்ந்தது. வில்லியம்ஸ் அந்த வசந்த காலத்தில்தான் மாறினார். அந்தத் தளர்வு இன்னும் ஓராண்டு தள்ளி வந்திருந்தால், அலபாமாவில் அவர் 2021 முழுவதும் ஓரமாக நின்றிருப்பார் அல்லது ஓஹாயோவில் நான்காம் ஆளாக இருந்திருப்பார். விதி தளராத காலத்தில் இதே நிலையில் நான்காண்டும் கழித்துவிட்டு மெலிந்த கணக்கோடு வெளியேறியவர்களில் எத்தனை பேர் அவரைப் போன்றவர்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. இப்போது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பட்டியலில் பெயர் கொடுக்கிறார்கள். புதிய பயிற்சியாளரின் மேசைக்கு அவர்கள் போகும்போது முன்னால் போவது அந்த மூன்று எண்கள்தாம்: கேட்ச், கெஜம், டச் டவுன்.

அந்த மூன்றோடு இன்னும் மூன்றைச் சேர்த்து வெளியிட பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய சிரமம் இராது. எத்தனை முயற்சிகளில் அந்த மாணவர் தடம் ஓடினார், அவற்றில் எத்தனை முறை பந்து அவரை நோக்கி எறியப்பட்டது, உதை ஆட்டத்தில் எத்தனை முறை களமிறங்கினார். ஆட்டங்கள் எல்லாம் படமாகின்றன. தனியார் ஆய்வு நிறுவனங்கள் இவற்றை எண்ணி, ஓடிய தடம் ஒன்றுக்கு இத்தனை கெஜம் என்று கணக்கிட்டுக் காசுக்கு விற்கின்றன. வசதியுள்ள அணிகள் வாங்கிப் பார்க்கின்றன. பொதுவில் வெளியாகும் கணக்கில் மட்டும் பழைய மூன்று எண்களே நிற்கின்றன. வாய்ப்பு எவ்வளவு கிடைத்தது என்று எழுதாமல் விளைவை மட்டும் எழுதுவது, விதைத்த நிலத்தின் பரப்பைச் சொல்லாமல் மூட்டைகளை மட்டும் எண்ணுவது போன்றது.

வில்லியம்ஸ் போன பிறகு, 2021இல் அதே ஓஹாயோ ரிசீவர் குழுவில் புதிதாக இரண்டு முதலாண்டு மாணவர்கள் பின்வரிசையில் நின்றார்கள். மார்வின் ஹாரிசன் ஜூனியர் அந்தப் பருவத்தில் பிடித்தவை 11. அவற்றில் ஆறு, ஒலாவேயும் வில்சனும் ஆடாத அந்த ரோஸ் பவுலில் ஒரே நாளில் வந்தவை, மூன்று டச் டவுன்களோடு. எமெக்கா எக்புக்கா பிடித்தவை 9. அடுத்த ஆண்டே இருவரும் ஆளுக்கு எழுபதுக்கு மேல் பிடித்தார்கள். ஹாரிசனை 2024 டிராஃப்டில் அரிசோனா அணி நான்காவது இடத்தில் எடுத்தது. எக்புக்காவை 2025இல் டாம்பா பே அணி பத்தொன்பதாவது இடத்தில் எடுத்தது.